வெள்ளையடிக்காத ஒரு சாண்

போகிக்கு இரண்டு நாள் இருக்கையில் சடையப்பன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தான். வாசல் பக்கமும் தெருப் பக்கமும் முடித்துவிட்டுக் கொல்லைப்புறச் சுவருக்கு வந்தவன், மட்டையை வாளியில் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றான். அந்தச் சுவரில் அவன் இடுப்பு உயரத்தில் தொடங்கி ஒன்றன்மேல் ஒன்றாகக் கரிக்கோடுகள் ஏறிப் போயிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம். சில இடத்தில் ஒரு நெல் அளவு இடைவெளி. சில இடத்தில் ஒரே கோட்டின்மேல் நாலைந்து நாள் இழுத்து இழுத்துக் கரி தடித்துப் போயிருந்தது. அவன் மனைவி பாஞ்சாலை போட்ட கோடுகள். பொங்கலுக்கு வீடு வெள்ளையாக வேண்டும், கோடும் அழியக் கூடாது. யோசித்துப் பார்த்து, கோடுகளுக்கு இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டே போய், நடுவில் ஒரு சாண் அகலத்துக்குப் பழைய அழுக்குச் சுவரை அப்படியே விட்டுவிட்டான்.

அடுத்த வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இன்னா சடையப்பா, சுண்ணாம்பு பத்தலியா?"

"பத்துச்சு."

"அப்ப இன்னா அது, கோமணம் கட்டுன மாதிரி?"

"அது அப்பிடித்தான். நீ ஒன் வேலயப் பாரு."

தண்ணீர்க் குடத்தோடு வந்த பாஞ்சாலை சுவரைப் பார்த்தாள். குடத்தை இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலையில் மேல் கோட்டுக்கும் மேலே, ஒரு கட்டை விரல் உயரத்தில், புதுக்கோடு ஒன்று இருந்தது. சடையப்பனுக்கு அன்றைக்கு முழுக்க அந்த ஒரு கோடு போதுமானதாக இருந்தது.

பாஞ்சாலை அவனைவிட நாலு விரல் உயரம். கல்யாணத்தில் மாலை மாற்றும்போது அவன் எத்தனை அங்குலம் எக்கினான் என்று இருபத்தெட்டு வருஷமாக ஊரில் பட்டிமன்றம் நடக்கிறது. அவள் குனியவில்லை என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. அப்பாதுரை முதலாளியின் உப்பளத்தில் சடையப்பன் உப்பு வாருகிறவன். பாத்தியில் விளைந்ததைப் பலகையால் இழுத்து வரப்போரம் குவிப்பது அவன் வேலை. பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்து, வழுக்குகிற வரப்பில் நடந்து போய் மேட்டில் கொட்டுவார்கள். ஈர உப்பு ஒரு கூடை இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது. மற்றவர்கள் ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். பாஞ்சாலை இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடப்பாள். இடுப்பு அசையும், தோள் அசையும், சும்மாட்டுக்குக் கீழே கழுத்து மட்டும் நட்டு வைத்தது போல் இருக்கும். மரக்காணத்து உப்பளங்களில் இப்படி நடக்கிறவள் இன்னொருத்தி உண்டா என்று சடையப்பன் யாரையும் கேட்டதில்லை. இல்லை என்பது அவனுக்கே தெரியும்.

அந்த உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தின் முதல் உப்பை வாருகிற அன்று, குவியலின்மேல் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, ஒரே ஒரு கூடை மட்டும் முதலில் போகும். அதை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி ஒருத்தியின் தலையில் ஏற்றுவார்கள். ஏற்றும்போதோ வழியிலோ ஒரு பிடி சிந்தினாலும் அந்த வருஷம் விளங்காது என்பது முதலாளியின் நம்பிக்கை. பதினாலு வருஷமாக அந்தக் கூடை பாஞ்சாலையின் தலையில்தான் போனது. ஒரு பக்கம் சடையப்பன், மறுபக்கம் ஞானாம்பாள், இரண்டு பேரும் ஏற்றிவிடுவார்கள். ஞானாம்பாள் பாஞ்சாலையைவிட இரண்டு வயது இளையவள், வரிசையில் இரண்டாவது ஆள், அந்த இரண்டாவது இடம் அவளுக்குப் பிடிக்காது என்பதும் ஊருக்குத் தெரியும்.

கடல் பொங்கி வந்த வருஷம் முதல் கூடையே இல்லை. முகத்துவாரம் வழியாக ஏறிய தண்ணீர் பாத்திகளில் சேற்றைக் கொட்டிவிட்டுப் போனது. குப்பத்து ஜனங்கள் உறவுகளைப் பறிகொடுத்து நிற்கும்போது சேறு ஒரு துக்கமா என்று வாயை மூடிக்கொண்டு எல்லாரும் சேற்றை அள்ளினார்கள். உப்புக்குப் பதில் சேறு சுமந்தாள் பாஞ்சாலை. பங்குனியில் அவள் வலது தாடைக்குக் கீழே ஒரு நெறி கட்டியது. புளியங்கொட்டை அளவுதான். அமுக்கினால் வலிக்கவில்லை.

தலைச்சுமை எடுக்கிறவர்களுக்குக் கழுத்தில் எது வந்தாலும் பழி கூடையின்மேல்தான் விழும். சேற்றுக் கனம் கழுத்தைப் பிசகவைத்துவிட்டது என்றார்கள். சடையப்பனே அவளை அழைத்துப் போய் இரண்டு தடவை சுளுக்கு வழித்துவிட்டு வந்தான். வீட்டிலும் விளக்கெண்ணெய் காய்ச்சித் தன் கையால் தேய்த்தான். வலது கன்னத்துக்குள்ளே ஒரு புண் மாசக்கணக்கில் ஆறாமல் இருந்ததை அவள் சொல்லவுமில்லை, அவன் கேட்கவுமில்லை. உப்புத் தண்ணீரில் கிடக்கிறவர்களுக்கு வாய் புண்ணாவது ஒரு சேதியா? கூடை தலையில் இருக்கும்போது துப்புவதற்குக் குனிய முடியாது. அதனால் காலையில் வலது கன்னத்தில் அடக்கிய புகையிலை மதியக் கஞ்சி வரைக்கும் அங்கேயே ஊறிக்கொண்டிருக்கும். இருபது வருஷமாக அந்தப் புகையிலையை வாங்கிக் கொடுத்தவன் சடையப்பன்.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளியெடுத்துப் பரிசோதித்துவிட்டு டாக்டரம்மா இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"இது சுளுக்கு இல்லீங்க. புத்துநோய். வாயிலேர்ந்து கழுத்து நெறிக்கு எறங்கியிருக்கு. வாயில இருக்கறத எடுக்கணும். கழுத்துல இந்தப் பக்கம் இருக்கற நெறி அத்தனையும் எடுக்கணும்."

"ஒண்ணுதானம்மா வீங்கியிருக்குது?" என்றான் சடையப்பன்.

"கைக்குத் தெரியறது ஒண்ணு. தெரியாம எத்தனை இருக்கோ. விட்டு வச்சா அதுலேர்ந்து திரும்ப வரும்." பிறகு பாஞ்சாலையைப் பார்த்து, "நீங்க என்ன வேல செய்யறீங்க?" என்று கேட்டார்.

"தலையில உப்பு தூக்குறேன்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். அந்த நெறிகளுக்கு நடுவேதான் தோளைத் தூக்குகிற நரம்பு ஓடுகிறது என்றார். அதை விட்டுவைக்கப் பார்ப்பேன், நோய் அதில் ஒட்டியிருந்தால் வெட்டத்தான் வேண்டும், வெட்டினால் வலது கை தோளுக்கு மேலே போகாது என்றும் சொன்னார். பாஞ்சாலை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அழவில்லை. ஆனால் இந்த அம்மாவுக்குத் தன் கழுத்தைப் பற்றி இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்தாள் போலிருக்கிறது. மறுநாள் காலையில் டாக்டரம்மா வார்டுக்குள் நுழையும் நேரம் பார்த்து, குளியலறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் ததும்பத் ததும்பத் தண்ணீர் பிடித்து, துண்டைச் சுருட்டிச் சும்மாடாக வைத்து, தலையில் ஏற்றிக்கொண்டு, கட்டில்களுக்கு நடுவே இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஒரு நடை நடந்து வந்தாள்.

நர்ஸ் கத்தினாள். நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள். தரையில் ஒரு சொட்டு விழவில்லை. டாக்டரம்மாவின் எதிரே வந்து பாஞ்சாலை நின்றாள்.

"எறக்குங்கம்மா," என்றார் டாக்டரம்மா. கொஞ்சம் பொறுத்து, "பாத்துட்டேன். மனசுல வச்சுக்கறேன்," என்றார்.

வராந்தாவில் நின்றிருந்த சடையப்பன் பக்கத்திலிருந்த ஆளிடம், கேட்காமலே, "என் பொண்டாட்டி," என்றான்.

ஆனி மாசத்தில் ஆபரேஷன் நடந்தது. காலையில் உள்ளே போனவளைப் பிற்பகலில்தான் வெளியே கொண்டுவந்தார்கள். காதுக்குப் பின்னால் தொடங்கி, கழுத்தில் வளைந்து, காறையெலும்பு வரை ஒரு வெட்டு; அதன் அடியில் இரத்தநீர் வடிய ஒரு குழாய். டாக்டரம்மா முகமூடியைக் கீழே இறக்கிவிட்டு, "நரம்பு இருக்குங்க. நோய் பக்கத்துல வரைக்கும் வந்துட்டுது, ஒட்டல. ஆனா ரொம்ப இழுபட்டிருக்கு. ரொம்ப நாளைக்குத் தோள் தொங்கும்," என்றார். பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. எடுத்தது இருபத்தேழு நெறி. நோய் இருந்தது இரண்டில்.

அந்த இருபத்தேழு சடையப்பனைப் பிடித்துக்கொண்டது. ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் சொன்னான். டீக்கடையில் சொன்னான். நியாயவிலைக் கடை வரிசையில் முன்னால் நின்றவரிடம் சொன்னான். "இருபத்தேழு நெறிங்க! ஒரே கழுத்துல! எடுத்து அடுக்கி வச்சாங்களாம்! மறுநாளே எழுந்து ஒக்காந்துட்டா!" கேட்கிறவர்கள் இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று முழித்தார்கள். ஒருநாள் பாஞ்சாலையே வாய் திறக்க முடியாத நிலையில் அவனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். "யோவ், அது என்னா ஆட்டு மந்தையா? ஊரெல்லாம் எண்ணிக்கை சொல்லிக்கினு திரியிற?" என்று குழறலாகக் கேட்டாள். அவள் திட்டிய திட்டில் அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பிறகு ஆறு வாரம், கதிர்ச் சிகிச்சையை ஊரில் சொல்வது போல, கரண்ட் வைத்தார்கள். கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. எச்சில் வற்றிப்போய், கஞ்சி மண்ணாக இருக்கிறது என்று தள்ளினாள். உப்பு போட்டாயா, போட்டாயா என்று கேட்டாள். இரண்டு கை உப்பு போட்டுத் தன் வாய் கரிக்கக் கரிக்கச் சடையப்பன் ருசி பார்த்துக் கொடுத்த கஞ்சியையும் சப்பென்று இருக்கிறது என்றாள். உப்பு மேட்டின் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள் உப்பில்லை என்று அழுததை அவனால் பார்க்க முடியவில்லை. கொல்லையில் போய் நின்றுகொண்டான். மழைக்காலம் முடிவதற்குள் நாக்குக்கு ருசி பாதி திரும்பியது. தோள் திரும்பவில்லை. வலது தோள் இறங்கி, கை ஒட்டவைத்தது போல் தொங்கியது. தலைவாரிக்கொள்ள முடியவில்லை. கொடியில் புடவை போட முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கிற சத்யப்ரியா என்ற பெண்தான் சுவரைக் காட்டினாள். சுவருக்கு எதிரே நின்று விரல்களை ஒவ்வொன்றாக மேலே நடக்கவிட வேண்டும், எட்டிய இடத்தில் கோடு போட வேண்டும். "நாளைக்கு அந்தக் கோட்டத் தாண்டணும்மா. தாண்டலேன்னாலும் பரவால்ல, எட்டணும்." முதல் கோடு இடுப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. விரல் நடக்கும்போது பாஞ்சாலை பல்லைக் கடித்துக்கொள்வாள். சடையப்பன் வேலியைச் சரிசெய்வது போல் பாவனை செய்துகொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பான்.

கார்த்திகையில் சோதனைக்குப் போனபோது அவள் கேட்டாள். "மறுபடியும் தலச்சுமை எடுக்கலாமாம்மா?"

டாக்டரம்மா அவள் கழுத்தை இன்னொரு தடவை தடவிப் பார்த்தார். "கழுத்துல இப்ப நோய் இல்ல. மூணு மாசத்துக்கு ஒரு தரம் காட்டிக்கிட்டே இருக்கணும். ஆனா தலச்சுமை வேணாம்மா. இனிமே எப்பவும் வேணாம்."

அன்றைக்குச் சுவரில் கோடு இல்லை. இனி எதற்குக் கோடு என்று சடையப்பனும் நினைத்தான். மறுநாள் விடிந்ததும் அடுப்பிலிருந்து கரித்துண்டு எடுத்துக்கொண்டு அவள் கொல்லைக்குப் போவதைப் பார்த்ததும் பின்னாலேயே போனான்.

"அதான் வேணான்னு சொல்லிட்டாங்களே?"

"தலைக்குத்தான் வேணான்னாங்க. கைக்கு வேணான்னு சொல்லல."

அதற்குப் பிறகு அவள் கோட்டோடு நிற்கவில்லை. சத்யப்ரியாவைக் கேட்டுக்கொண்டு, ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தை வலது கையில் பிடித்துத் தோள் வரைக்கும் தூக்கினாள். பிறகு இரண்டு பொட்டலம். தை பிறந்தபோது அரை வாளித் தண்ணீரை இரண்டு கையாலும் மார்பு வரைக்கும், பிறகு முகம் வரைக்கும். வலித்தால் நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் எப்போது நிறுத்துகிறாள் என்று சடையப்பன் கவனித்தான். அவர்கள் சொன்ன இடத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளித்தான்.

மாசி முதல் வெள்ளிக்கிழமை பாத்தியில் உப்பு வெளுத்து நின்றது. சேறு அள்ளி, பாத்தி மிதித்து, ஒரு வருஷம் கழித்து விளைந்த உப்பு. முந்தின நாள் மாலையே அப்பாதுரை முதலாளி சடையப்பன் வீட்டுக்கு ஆள் அனுப்பியிருந்தார். இந்த வருஷம் முதல் கூடையை ஞானாம்பாள் எடுக்கட்டும், பாஞ்சாலை வீட்டில் இருந்து உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. அதில் கெட்ட எண்ணம் இல்லை என்று சடையப்பனுக்குத் தெரியும். ஆனாலும் ராத்திரிச் சோறு இறங்கவில்லை. பாஞ்சாலை காலையில் குளித்து, நீலக்கரை போட்ட புடவை கட்டி, முந்தானையை இடது பக்கம் இறுக்கிச் செருகிக்கொண்டு அவனுக்கு முன்னால் கிளம்பினாள். காதிலிருந்து காறையெலும்பு வரைக்கும் தழும்பு வெயிலில் பளபளத்தது. மூடிக்கொள் என்று அவன் சொல்லவில்லை. அந்தத் தழும்போடு அவள் நடப்பதைப் பார்த்தால் அவனுக்கே நெஞ்சு நிமிர்ந்தது.

குவியலின்மேல் கற்பூரம் எரிந்து அணைந்தது. தேங்காய் உடைத்தார்கள். கூடையை மேடு கட்டி நிரப்பினார்கள். ஞானாம்பாள் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் வந்து நின்றாள். சடையப்பன் கூடையின் ஒரு பக்கம் குனிந்து விளிம்பைப் பிடித்தான். மறுபக்கம், இத்தனை வருஷம் ஞானாம்பாள் நின்ற இடம் காலியாக இருந்தது. முதலாளி மூட்டை தூக்குகிற ஆள் ஒருவனைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவன் வருவதற்குள் பாஞ்சாலை வரப்பிலிருந்து இறங்கி வந்து அந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

"ஏம்பா சடையப்பா," என்றார் முதலாளி. குரல் கோபமாக இல்லை, பயந்திருந்தது. "போன வருஷந்தான் ஒண்ணும் இல்லாம போச்சு. மொதக் கூட. கை நழுவிச்சுன்னா?"

சடையப்பனுக்கும் அதே பயம்தான். கூடை ஞானாம்பாளின் தலை உயரத்துக்குப் போக வேண்டும். அவளும் குள்ளம் இல்லை. நடுவில் வலது தோள் விட்டுவிட்டால் உப்பு அத்தனையும் சேற்றில். ஊர் ஒரு வருஷத்துக்கு அதையே பேசும். தோள் போனவள் என்ற பேர் அவள் செத்தாலும் போகாது.

பதில் சொன்னது ஞானாம்பாள்தான். "பதினாலு வருஷம் நான் தூக்கி வுட்டேன் மொதலாளி. ஒரு வருஷம் அக்கா எனக்குத் தூக்கி வுடட்டும். வேற ஆளு கை வச்சா நான் தலயக் குடுக்க மாட்டேன்." இத்தனை வருஷம் இரண்டாவது இடத்தில் நின்ற எரிச்சல் அந்தக் குரலில் கொஞ்சமும் குறையவில்லை. ஒருவேளை அதனால்தான் அப்படிச் சொன்னாளோ என்னவோ.

முதலாளி கையைக் கட்டிக்கொண்டார்.

"புடி," என்றாள் பாஞ்சாலை.

கூடை தரையை விட்டு எழும்பியது. முழங்கால், இடுப்பு. ஈர உப்பிலிருந்து தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. மார்பு உயரம் வந்தபோது பாஞ்சாலையின் வலது கை நடுங்குவது விளிம்பு வழியாகச் சடையப்பனின் கைக்கு வந்தது. அவன் ஒன்றும் யோசிக்கவில்லை. தன் பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தினான். கனம் அவனிடம் வரட்டும், யாருக்குத் தெரியப்போகிறது?

"யோவ்." பாஞ்சாலை அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கூடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னாத்துக்கு சாய்க்கிற? சிந்திடப் போவுது. சமமா தூக்கு."

பெண்கள் வரிசையில் யாரோ சிரித்தார்கள். சடையப்பனுக்குக் காது சுட்டது. தன் பக்கத்தை மேலே ஏற்றினான். கனம் அவனைவிட்டு அவள் பக்கம் போனது. அவனுக்குக் கை லேசானது, நெஞ்சு கனத்தது. அவள் பல்லைக் கடித்தாள், கழுத்துத் தழும்பு கயிறு போல் புடைத்தது. கூடை தோளைத் தாண்டியது. முகத்தைத் தாண்டியது. கொல்லைச் சுவரின் ஒவ்வொரு கோடும் அவன் கண்ணுக்குள் ஓடியது. கரி தடித்துப்போன அந்த இடத்தில் நாலு நாள் நின்றாளே, அந்த உயரத்தில் கூடையும் ஒரு நொடி நின்றது. பிறகு ஏறியது. சும்மாட்டின்மேல் உட்கார்ந்தது.

ஞானாம்பாள் ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கணம் நிதானித்து, வரப்பில் நடக்கத் தொடங்கினாள். ஒரு உப்புக்கல் சிந்தவில்லை. முதலாளி வேகமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெண்கள் அடுத்த கூடைகளுக்கு ஓடினார்கள். சடையப்பன் கையை இறக்கித் தொடையில் துடைத்துக்கொண்டான்.

பாஞ்சாலை கையை இறக்கவில்லை. இடது கை எப்போதோ இறங்கிவிட்டது. வலது கை மட்டும், கூடை விட்டுப்போன உயரத்தில், விரல் விரித்தபடி அப்படியே நின்றது. சுவரில் போட்ட கடைசிக் கோட்டுக்கு மேலே ஒரு சாண் இருக்கும். அவளே தலையைத் தூக்கி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உப்புத் தண்ணீர் உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டுக்கும், மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கும் மெல்ல இறங்கி வந்துகொண்டிருந்தது.